ரூபனெஸ்க்: ஓர் ஓவியரின் பெயர் உடல்வாகுக்குப் பெயரான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கில நாவலிலோ துணிக்கடை விளம்பரத்திலோ ‘ரூபனெஸ்க்’ என்ற சொல் கண்ணில் பட்டு, அகராதியைப் புரட்டி, ‘கொழுகொழுவென்ற பெண்ணைக் குறிப்பது’ என்ற ஒரு வரியோடு மூடிவைத்தவர்கள் பலர். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் இருந்தேன். அந்த ஒரு வரி தப்பில்லை, ஆனால் போதாது. இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவையும் நானே எனக்குள் கேட்டுக்கொண்டவையும் இங்கே.

ரூபனெஸ்க் என்றால் சுருக்கமாக என்ன?

இரண்டு பொருள் உண்டு. பீட்டர் பால் ரூபன்ஸ் என்ற ஓவியரின் பாணியில் அமைந்தது என்பது ஒன்று. சதைப்பிடிப்பும் வளைவுகளுமாக, பார்க்க நிறைவாக இருக்கும் பெண் உடல்வாகு என்பது இன்னொன்று. முதல் பொருளில் கலை விமர்சகர்கள் எழுதுவார்கள். மற்ற எல்லோரும் இரண்டாவது பொருளில்தான் பேசுகிறார்கள்.

நம் வீடுகளில் பெண் பார்த்துவிட்டு வந்து, “ஒல்லியும் இல்ல, குண்டும் இல்ல, பூசினாப்ல இருக்கா” என்பார்களே, அந்தப் ‘பூசினாற்போல’ இதற்கு மிக அருகில் வரும். ரூபனெஸ்க் அதைவிட இரண்டு சுற்று கூடுதல், அவ்வளவுதான்.

யார் இந்த ரூபன்ஸ்?

குடும்பத்துக்குப் பூர்வீகம் ஆண்ட்வெர்ப், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் துறைமுக நகரம். ஆனால் அவர் பிறந்தது இன்றைய ஜெர்மனியின் ஸீகன் நகரில், 1577 ஜூன் 28 அன்று. அங்கே பிறக்க நேர்ந்ததே ஒரு கதை. அப்பா யான் ரூபன்ஸ் வழக்கறிஞர். மதப் பூசலுக்குப் பயந்து ஆண்ட்வெர்ப்பை விட்டு ஓடியவர். ஓடிய இடத்தில் ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் மனைவி அன்னாவுக்குச் சட்ட ஆலோசகராகி, அவரோடு உறவும் ஏற்பட்டு, சிறைக்குப் போனார். துரோகம் செய்த கணவருக்காக மனைவி மரியாதான் மன்றாடி அவரை மீட்டார். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை இவர். 1587இல் அப்பா இறந்த பிறகு அம்மா பிள்ளைகளோடு ஆண்ட்வெர்ப்புக்கே திரும்பிவிட்டார்.

1600 முதல் 1608 வரை ரூபன்ஸ் இத்தாலியில் இருந்தார். மாந்துவா பிரபுவிடம் வேலை. டிஷியன், மைக்கலாஞ்சலோ, பழைய ரோமானியச் சிலைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து வரைந்து பழகினார். ஊர் திரும்பியதும் அரசவை ஓவியர். ஆண்ட்வெர்ப்பில் பெரிய பட்டறை நடத்தினார். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற வான் டைக் அங்கே உதவியாளராக இருந்தவர்தான். இது போதாதென்று தூதர் வேலை வேறு. ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் 1630இல் ஏற்பட்ட சமாதானத்துக்காக இரண்டு நாடுகளுக்கும் அலைந்தவர்களில் இவர் முக்கியமானவர். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் இவருக்கு வீரப் பட்டம் கொடுத்தார். 1640 மே 30 அன்று ஆண்ட்வெர்ப்பில் காலமானார்.

கலை வரலாற்றாளர் மைக்கேல் ஜாஃபே தொகுத்த பட்டியலில் மட்டும் 1,403 படைப்புகள் இருக்கின்றன. தேவாலயப் பலிபீடச் சித்திரங்கள், சிங்க வேட்டைகள், நிலக்காட்சிகள், மன்னர்கள், குதிரைகள். இவ்வளவு செய்த மனிதருக்கு மொழி எழுப்பிய நினைவுச்சின்னம் ஓர் இடுப்புச் சுற்றளவு.

பெயர் ரூபன்ஸ் என்றால், ‘ஸ்’ எங்கே போனது?

‘ரூபன்ஸெஸ்க்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு இரண்டு முறை வழுக்கும். ஆங்கிலத்தில் அந்த வடிவமும் உண்டு. ஆனால் பேச்சில் ஜெயித்தது சகரம் உதிர்ந்த ‘ரூபனெஸ்க்’தான். ஓவியத்தைப் பற்றிக் கறாராக எழுதுகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘ரூபன்ஸியன்’ என்று எழுதுவதும் உண்டு. உடல்வாகு அர்த்தம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே அப்படி எழுதுகிறார்கள் என்பது என் ஊகம்.

அந்த ‘எஸ்க்’ எந்த ஊர் விகுதி?

இத்தாலிய ‘-எஸ்கோ’, பிரெஞ்சு ‘-எஸ்க்’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘-இஷ்’, ஜெர்மனின் ‘-இஷ்’ இரண்டும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். ‘அதன் சாயலில்’, ‘அந்த மாதிரி’ என்பது அர்த்தம். ‘குரொடெஸ்க்’ என்ற சொல் தெரிந்திருக்கும். ரோமில் மண்மூடிக் கிடந்த பழைய மாளிகை அறைகளைத் தோண்டியபோது, அவற்றைக் குகை என்று நினைத்து ‘குரோட்டா’ என்றார்கள். அந்தச் சுவர்களில் இருந்த விசித்திரச் சித்திரங்கள் ‘குகைத்தனமானவை’ ஆகின. ஆக, இந்த விகுதிக்கும் ஓவியத்துக்கும் பழைய உறவு.

‘ரூபம்’ என்ற நம் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. முதல் முறை பார்த்தபோது நானும் ‘ரூபவதி’ வகையறா என்றுதான் நினைத்தேன். டச்சுக்காரர்கள் உச்சரிக்கும்போது முதல் எழுத்து ‘ரூ’வுக்கும் ‘ரீ’க்கும் நடுவில் நிற்கும். அதைக் கேட்டால் இந்தச் சந்தேகம் தானாகவே போய்விடும்.

எந்த ஓவியங்களைப் பார்த்து இப்படி ஒரு சொல் பிறந்தது?

மூன்றைச் சொல்லலாம்.

மியூனிக்கில் இருக்கும் ‘லியூசிப்பஸின் மகள்கள்’, 1618 வாக்கில் வரைந்தது. இரண்டு வீரர்கள் இரண்டு பெண்களைக் குதிரைமேல் தூக்கிக் கடத்துகிறார்கள். பெண்களின் உடல் எடை அப்படியே தெரியும். தூக்குகிறவன் கை சதையில் புதைகிறது. பார்த்து ரசிக்கச் சங்கடமான காட்சி, ஆனால் அந்தக் கனத்தை வேறு யாரும் அப்படித் தீட்டியதில்லை.

மாட்ரிட் பிராடோவில் இருக்கும் ‘மூன்று அழகு தேவியர்’. 1630களில் வரைந்தது. மூன்று பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக நிற்கிறார்கள். தொடையிலும் இடுப்பிலும் குழிகள், மடிப்புகள். ரோமானியச் சிலைகளில் இதே மூவர் வழுவழுவென்று நிற்பார்கள். இவர் வரைந்ததில் மூச்சு விடுகிறார்கள். இந்தப் படத்தை அவர் விற்கவில்லை. சாகும்வரை வீட்டிலேயே வைத்திருந்தார். இறந்த பிறகு ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப் வாங்கினார். இடது பக்கம் நிற்கும் பெண்ணின் முகத்தில் ஓவியரின் இரண்டாவது மனைவியின் சாயல் உண்டு என்பார்கள்.

மூன்றாவது படம் அந்த மனைவியேதான். முதல் மனைவி இசபெல்லா பிரான்ட் 1626இல் இறந்தார். 1630இல் ஹெலேனா ஃபோர்மென்ட் என்ற பட்டு வணிகர் மகளை ரூபன்ஸ் மணந்தார். அவருக்கு 53, ஹெலேனாவுக்கு 16. இன்றைக்குப் படிக்கும்போது நெருடத்தான் செய்கிறது. அந்தக் காலத்து ஆண்ட்வெர்ப்பில் எல்லோரும் அவரிடம் எதிர்பார்த்தது வேறு: அரசவைக் குடும்பத்தில் பெண்ணெடுப்பார் என்று. பிரபுக்குலத்துத் திமிருக்குப் பயந்தேன், நான் தூரிகையைக் கையில் எடுத்தால் முகம் சிவக்காத பெண் வேண்டும் என்று நினைத்தேன் என்ற கருத்தில் ஒரு நண்பருக்கு 1634இல் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஹெலேனாவை, ஒரு ரோமக் கம்பளியை மட்டும் சுற்றிக்கொண்டு நிற்பதாக வரைந்த படம் வியன்னாவில் இருக்கிறது. ‘ஹெட் பெல்ஸ்கன்’ என்று அவரே வைத்த பெயர். சின்ன ரோமத்தோல் என்று அர்த்தம். முழங்காலில் சதை மடிப்பு, கம்பளியைப் பிடித்த கை அழுத்தி மேலெழும் மார்பு. ஒன்றையும் ஒளிக்கவில்லை, திருத்தவும் இல்லை. இதை விற்கக் கூடாது, மனைவிக்கே சேர வேண்டும் என்று உயில் எழுதினார்.

‘ரூபனெஸ்க்’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது அவருடைய கடைசிப் பத்து வருடப் படங்கள்தான். அதுவும் பாதி, ஒரே பெண்ணின் உடல்.

அந்தக் காலத்தில் குண்டாக இருப்பதுதான் அழகு என்று நினைத்தார்களா?

இப்படி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. ரூபன்ஸ் காலத்து ஓவியர்கள் எல்லோரும் இப்படி வரையவில்லை. அவருடைய சீடர் வான் டைக் வரைந்த சீமாட்டிகள் நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார்கள். ஊருக்கே அது ரசனை என்றால் சீடருக்கும் அது இருந்திருக்க வேண்டுமே.

வேறு ஒரு காரணம் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ரூபன்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1568இல் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய போர் அவர் செத்து எட்டு வருடம் கழித்து 1648இல்தான் முடிந்தது. வாழ்நாள் முழுக்க அந்த மண்ணில் போர். நடுவில் 1609 முதல் 1621 வரை பன்னிரண்டு வருடம் மட்டும் போர்நிறுத்தம். இந்தப் பின்னணியில் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ‘அமைதியும் போரும்’ படத்தைப் பாருங்கள். தூதராக லண்டன் போயிருந்தபோது 1629–30இல் வரைந்து சார்லஸ் மன்னருக்கே பரிசாகக் கொடுத்தது. நடுவில் அமைதி தேவதை. பூரித்த உடம்பு, மார்பைப் பிதுக்கி ஒரு குழந்தை வாயில் பால் பீய்ச்சுகிறாள். அந்தக் குழந்தை செல்வத்தின் கடவுள் புளூட்டஸ். பக்கத்தில் பழங்கள் குவிந்து வழிகின்றன. பின்னால் அறிவுத் தெய்வம் மினர்வா போர்க் கடவுளை நெட்டித் தள்ளுகிறாள். சண்டை போடாதே, பிள்ளை குட்டிகள் வயிறு நிறையட்டும் என்று ஒரு மன்னரிடம் சொல்ல வந்த தூதர், அதை எலும்பும் தோலுமான பெண்ணை வைத்துச் சொல்ல முடியுமா?

இதன் மறுபக்கம் ஃபுளோரன்ஸில் பிட்டி அரண்மனையில் இருக்கிறது. 1638 வாக்கில் வரைந்த ‘போரின் விளைவுகள்’. அதில் கிழிந்த கறுப்பு ஆடையோடு கைகளை விரித்து அலறுகிறாளே ஒருத்தி, அவள்தான் நகைகளும் அலங்காரமும் பறிபோன ஐரோப்பா என்று ரூபன்ஸே கடிதத்தில் விளக்கியிருக்கிறார். சதை அவருக்கு அழகு மட்டும் இல்லை, பஞ்சமில்லாத காலத்தின் அடையாளமும்கூட.

சரி, மற்றவர்களும் பருத்த பெண்களை வரைந்தார்களே. இவர் பெயர் மட்டும் ஏன் நிலைத்தது?

தோலை வரைந்த விதத்தால். சிலைகளைப் பார்த்து வரையும் ஓவியர்களுக்காக இவர் லத்தீனில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். சிலைகளிலிருந்து கற்றுக்கொள், ஆனால் உன் ஓவியத்தில் கல் வாடை அடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். கல்லில் நிழல் விழுவது வேறு, சதையில் விழுவது வேறு. சதை ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அசையும் இடங்களில் தோல் மடியும், இழுபடும். இதையெல்லாம் அதில் கவனித்துச் சொல்கிறார். ரோஜே தெ பீல் என்ற பிரெஞ்சுக் கலை எழுத்தாளர் 1708இல் வெளியிட்ட நூல் வழியாக இந்தக் குறிப்பு நமக்குக் கிடைத்தது.

செய்முறையும் அதற்கேற்றதுதான். மரப் பலகையில் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் தூரிகைக் கோடு தெரியும்படி மெல்லிய பழுப்பு. அதற்கு மேல் சதை நிறம். ஒளியும் நிழலும் சந்திக்கும் இடங்களில் நீலம் கலந்த சாம்பல், தோலுக்கடியில் நரம்பு ஓடுவது போல. முட்டி, முழங்கை, விரல் நுனி, காது மடல் இங்கெல்லாம் சிவப்பு, ரத்தம் தங்குவது போல. பாலிஷ் போட்ட ஒல்லி உடம்பில் இதற்கெல்லாம் இடமில்லை. மடிப்பும் குழியும் இருந்தால்தான் ஒளி விளையாடும். வண்ணக்காரனுக்கு அது நல்ல நிலம்.

அவர் இறந்து சில பத்தாண்டுகளுக்குப் பிறகு பாரிஸ் கலைக் கழகத்தில் இதை வைத்தே ஒரு பெரிய சண்டை நடந்தது. கோடு முக்கியம் என்றவர்கள் பிரெஞ்சு ஓவியர் பூஸானின் கட்சி. வண்ணம் முக்கியம் என்றவர்கள் ரூபன்ஸ் கட்சி. அவர்களுக்கு ‘ரூபெனிஸ்த்’ என்றே பெயர். ஆக, இவர் பெயரிலிருந்து பிறந்த ஒரு பழைய சொல்லுக்கு வண்ணத்தின் பக்கம் நிற்பவர் என்று பொருள். யார் உடம்பைப் பற்றியும் இல்லை.

ரூபன்ஸும் குண்டா?

இல்லை. சுய ஓவியங்களில் ஒடிசலாக, கூர்தாடியோடு இருக்கிறார். காலை நான்கு மணிக்கு எழுவார், பூசைக்குப் போவார், வரையும்போது பக்கத்தில் ஒருவர் புளூடார்க், செனெகா போன்ற பழைய நூல்களை வாசிக்கக் கேட்பார், சாப்பாடு மந்தமாக்கிவிடும் என்று குறைவாகத்தான் சாப்பிடுவார், சாயங்காலம் குதிரைச் சவாரி. அண்ணன் மகன் சொன்ன தகவல்களிலிருந்து வந்த விவரம் இது. ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டுத் தான் மட்டும் கஞ்சி குடித்த சமையல்காரர் மாதிரி.

ஆண்களை ரூபனெஸ்க் என்று சொல்லலாமா?

சொல்வதில்லை. அதுதான் வேடிக்கை. ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய மதுக் கடவுள் பாக்கஸைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் தோற்றாள். பீப்பாய் மேல் பீப்பாயாக உட்கார்ந்திருக்கிறான். மியூனிக்கில் குடிபோதையில் தள்ளாடும் அவன் கூட்டாளி சைலீனஸும் அப்படியே. ஆனாலும் இந்தப் பெயரடை ஆண் பக்கம் திரும்பவில்லை. தமிழிலும் கிட்டத்தட்ட அதே கதை: பூசினாற்போல என்றால் பெண்தான் நினைவுக்கு வருவாள், ஆணென்றால் ‘இரட்டை நாடி சரீரம்’ என்று கௌரவமாகச் சொல்லிவிடுவோம்.

இது பாராட்டா, கிண்டலா?

அகராதிகளில் பாராட்டுத் தொனிதான். ‘பருமன்’ என்று சொல்லத் தயங்குகிற இடத்தில் ஓவியரின் பெயரைப் போர்த்திச் சொல்வது. இப்படிப் போர்த்திப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போர்வை விலகினால் உள்ளே இருப்பது பழைய சொல்லேதான். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பெண்களிடம் இது பெருமிதமாக ஒலிக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், உடம்பை அளந்ததுதான். நான் ஓவியத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

மற்ற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஜெர்மனில் நேரடியாக ‘ரூபன்ஸ் உடல்வாகு’ என்று கூட்டுச்சொல் போட்டுவிடுகிறார்கள். டச்சில் ‘ரூபன்ஸ் பெண்’ என்று உண்டு. பிரெஞ்சில் ‘ரூபெனியன்’.

தமிழில் மொழிபெயர்க்க என்ன எழுதலாம்?

இடத்தைப் பொறுத்தது. ஓவியத்தைப் பற்றி என்றால் ‘ரூபன்ஸ் பாணி’ போதும். மார்க்சிய, பிராய்டிய என்பதுபோல ‘ரூபன்ஸிய’ என்றும் எழுதலாம். கொஞ்சம் கட்டுரை வாடை வரும். ‘காஃப்காத்தனமான’ என்று எழுதுகிறோமே என்று ‘ரூபன்ஸ்தனமான’ என்று போட்டுவிட வேண்டாம். ‘தனம்’ வந்தாலே குரங்குத்தனம், சின்னத்தனம் எல்லாம் கூடவே ஞாபகத்துக்கு வரும்.

உடலைப் பற்றி என்றால் நம் சரக்கே நிறைய இருக்கிறது. ‘கொழுகொழு’ குழந்தைக்குச் சரி. ‘தளதளவென்று’ கொஞ்சம் டீக்கடைப் பார்வை. ‘வாளிப்பான’ என்பதில் செழிப்பு உண்டு, சதை குறைவு. ‘பருமனான’ டாக்டர் சீட்டு. எனக்குப் பிடித்தது ‘பூசினாற்போல’தான். பூசுவது ஓவியரின் வேலையும்கூட என்பதால், ரூபன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. ஒரு இழப்பு மட்டும் உண்டு: ஓவியரின் பெயர் போய்விடும். நாவலில் அது முக்கியம் என்றால், ‘ரூபன்ஸ் ஓவியத்துப் பெண் போல’ என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது.

வேறு ஓவியர்கள் பெயரிலும் இப்படிச் சொற்கள் உண்டா?

நிறைய. பொன் கலந்த செம்பட்டைக் கூந்தலுக்கு ஆங்கிலத்தில் ‘டிஷியன்’ என்று பெயர். அந்த டிஷியனின் படங்களைத்தான் ரூபன்ஸ் மாட்ரிட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகலெடுத்தார். சீடர் வான் டைக்குக் கிடைத்தது தாடி: மீசையோடு சேர்ந்த சிறு கூர்தாடிக்கு ‘வான்டைக்’. ஆக, குருவுக்கு உடம்பு, குருவின் குருவுக்குத் தலைமுடி, சீடனுக்குத் தாடி! லண்டன் தெருக்களின் கூச்சலும் கேலியுமான காட்சிக்கு, அவற்றை வரைந்த ஹோகார்த்தின் பெயரில் ‘ஹோகார்தியன்’. நம் ஊர் ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் ‘ரெம்ப்ராண்ட் லைட்டிங்’ தெரிந்ததுதான்: முகத்தின் நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன ஒளி முக்கோணம் விழ வேண்டும்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தெலுங்கில் அழகான பெண்ணை ‘பாபு பொம்ம’ என்பார்கள். ஓவியரும் திரைப்பட இயக்குநருமான பாபு வரைந்த பெரிய கண், நீண்ட ஜடைப் பெண்களை வைத்து வந்தது. சென்னையில் வாழ்ந்து 2014இல் இங்கேயே காலமானவர். நாமும் ‘ரவிவர்மா படம் மாதிரி இருக்கா’ என்கிறோம், ஆனால் அது உவமையாகவே நின்றுவிட்டது. ஒற்றைச் சொல்லாகச் சுருங்கவில்லை.

ஃபேஸ்புக்கில் ரூபன்ஸுக்குத் தடை என்றார்களே?

2018இல் நடந்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சுற்றுலாத் துறை ரூபன்ஸின் படங்களை வைத்து விளம்பரம் செய்தபோது, நிர்வாணம் என்று ஃபேஸ்புக் நீக்கியது. அவர்கள் பதிலுக்கு ஒரு கேலி வீடியோ எடுத்தார்கள். ஆண்ட்வெர்ப்பில் ரூபன்ஸ் வீட்டுக்குப் போகும் பார்வையாளர்களை ஆட்கள் வந்து நிறுத்தி, உங்களுக்கு ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டு, நிர்வாணப் படங்களின் பக்கமே விடாமல் வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

போனில் பார்த்தால் போதாதா? நேரில் போக வேண்டுமா?

போனில் இந்தப் பெண்கள் வெறும் குண்டுப் பெண்கள். ‘மூன்று அழகு தேவியர்’ இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். எட்டி நின்றால் சதை, பக்கத்தில் போனால் நீலமும் சாம்பலும் சிவப்புமான தூரிகை இழுப்புகள். அந்த மாற்றம் நாலடி நடந்தால்தான் தெரியும். மாட்ரிட், மியூனிக், வியன்னா, லண்டன் நான்கிலும் நல்ல தொகுப்பு இருக்கிறது. பாரிஸ் லூவரில் மரி தெ மெடிசி ராணிக்காக வரைந்த 24 பெரிய படங்கள் ஒரே அறையில் இருக்கும். ஆண்ட்வெர்ப் போகிறவர்கள் அவர் வீட்டைச் சீரமைப்புக்காக 2023இல் மூடியதை நினைவில் வைத்து, திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பவும். பேராலயத்தில் இருக்கும் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ படத்தைத் தவற விட வேண்டாம். வெள்ளைத் துணியில் சரியும் ஒரு ஆணின் வெளிறிய உடல் அது. முட்டியிலும் காதிலும் இவர் வைக்கும் அந்தச் சிவப்பு அதில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தேடிப் பாருங்கள்.